வெறுமையாக விட்ட பெட்டி: நூலக மென்பொருளுக்கு முகவரி எல்லை போடுவது பற்றி

மே 6, 2025, மாலை 4.10. மூதூரில் இருந்து வந்த கேள்வி

அண்ணா, எங்கட நூலகத்தில கோஹா எண்ட நூலக மென்பொருள் ஓடத் தொடங்கி மூண்டு வருசம். இப்ப ஒரு தம்பி போனுக்கு ஆப் ஒண்டு செய்து தந்திருக்கிறார். அங்கத்தவர் வீட்டில இருந்தபடியே என்ன புத்தகம் கையில இருக்கு, எப்ப திருப்பிக் குடுக்க வேணும் எண்டு பார்க்கலாம். அதுக்கு ஐஎல்எஸ்-டிஐ எண்ட சேவையைத் திறந்துவிடச் சொல்லுறார். கீழ ஐபி முகவரி எழுதுற பெட்டி ஒண்டு இருக்கு. "அதை வெறுமையா விடுங்கோ அக்கா, எல்லாம் வேலை செய்யும்" எண்டார். விட்டன், வேலை செய்யுது. ஆனா மனம் கேக்குதில்லை. ஏதாவது எழுத வேணுமெண்டா எந்த ரேஞ்ச், எப்பிடி எழுதுறது?

மே 6, இரவு 9.35

தங்கச்சி, முதலில் போய் அந்தச் சேவையை நிறுத்துங்கள். ஆப் இரண்டு நாள் ஓடாமல் கிடந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. நிறுத்திவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

ஐபி முகவரி என்பது வலையமைப்பில் ஒரு கணினிக்கு இருக்கும் இலக்கம். அந்தப் பெட்டியில் எழுதிய முகவரிகளில் இருந்து வரும் கேள்விக்கு மட்டும் சேவை விடை சொல்லும். பெட்டி வெறுமையாக இருந்தால் "ஒருவருக்கும் அனுமதி இல்லை" என்று கோஹா எடுத்துக்கொள்வதில்லை. "எவரும் வரலாம்" என்று எடுத்துக்கொள்கிறது. நான் பார்த்த கணிசமான நூலகங்களில் இந்த ஒரு விஷயம்தான் தலைகீழாக விளங்கப்பட்டிருந்தது.

ஐஎல்எஸ்-டிஐ ஆட்கள் பார்க்கும் பக்கம் அல்ல. ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளோடு கதைக்கிற வாசல். நூலக மென்பொருள்கள் வெளியே உள்ளவற்றோடு ஒரே முறையில் கதைக்க வேண்டும் என்று 2008 இல் அமெரிக்காவின் டிஜிட்டல் லைப்ரரி ஃபெடரேஷன் வகுத்த பரிந்துரையில் இருந்து வந்தது. கேள்வியை ஒரு இணைய முகவரி போல எழுதி அனுப்பினால் விடை எக்ஸ்எம்எல்லாக, இயந்திரம் வாசிக்கும் வடிவத்தில், வரும். அந்தக் கேள்விகளில் ஒன்று கெட் பேட்ரன் இன்ஃபோ. அங்கத்தவரின் உள் எண்ணைக் கொடுத்தால் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எல்லாம் வரும். இன்னும் இரண்டு சொல் சேர்த்துக் கேட்டால் கையில் இருக்கும் புத்தகங்களும் தண்டப்பணமும் வரும். இதற்குப் பாஸ்வேட் கேட்காது. அந்த உள் எண்ணும் 1, 2, 3 என்று வரிசையாக ஏறிப் போகிற எண்.

மூன்று வருடத்துக்கு முதல் நான் போய்ப் பார்த்துக் கொடுக்கிற ஒரு நூலகத்தில் இதே பெட்டி இப்படித்தான் கிடந்தது. பின்னேரம் உள்துறைமுக வீதியில் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது சந்தேகம் வந்து, போனின் பிரவுசரில், மொபைல் டேட்டாவில், அந்த வரியை எழுதிக் கடைசியில் 412 என்று போட்டேன். ஒரு பிள்ளையின் பெயர் வந்தது. அலஸ்தோட்டத்தில் வீட்டு இலக்கம். பிறந்த திகதி. தாயின் தொலைபேசி எண். 413 என்று மாற்றினேன், அடுத்த பிள்ளை வந்தது. 414 போடவில்லை. எழும்பி நேரே நூலகத்துக்குப் போனேன், பூட்டியிருந்தது. நூலகருக்குப் போன் எடுத்து, அவர் வீட்டில் இருந்தே நிறுத்தும் வரை நான் அந்தப் படியை விட்டு இறங்கவில்லை.

உங்கள் நூலகத்து வலையமைப்பு 192.168.1 இல் தொடங்கினால், பெட்டியில் 192.168.1.0/24 என்று, அதாவது 192.168.1 இல் தொடங்கும் எல்லா முகவரியும் என்று, போட்டால் போதும்.

மே 7, காலை 6.20

நேற்று இரவு கடைசியில் எழுதிய வரி பிழை. விடியப் படுக்கையில் கிடக்கும்போதுதான் உறைத்தது. கேள்வி எங்கே இருந்து வருகிறது என்று கேட்காமலே ரேஞ்ச் சொல்லிவிட்டேன். ஆப் ஓடுவது அங்கத்தவரின் போனில், அவர் வீட்டில். 192.168.1 உங்கள் கட்டடத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் இலக்கம். வெளியே இருந்து வரும் எவருக்கும் அது இருக்காது. நான் சொன்னபடி போட்டால் ஆப் ஒருவருக்கும் வேலை செய்யாது.

தம்பியிடம் ஒன்றைக் கேளுங்கள். போன் நேரே உங்கள் கோஹாவைக் கேட்கிறதா, இல்லாவிட்டால் நடுவில் அவருடைய சேர்வர் ஒன்று இருக்கிறதா?

மே 7, பகல் 1.05

"போன் நேரா கேக்குது" என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் முகவரி எல்லை போடவே முடியாது. போன்கள் நூறு இடத்தில் இருக்கும், முகவரி நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அதனால்தான் அவர் வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறார், வேறு கெட்ட எண்ணம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கட்டிய விதம் பிழை. நடுவில் ஒரு சேர்வர் வேண்டும். அங்கத்தவர் தன்னுடைய பெயரும் பாஸ்வேட்டும் கொடுத்து அந்தச் சேர்வருக்குள் வரவேண்டும். அது அவர் இன்னார்தான் என்று உறுதிப்படுத்திய பிறகு, அவருடைய விபரத்தை மட்டும் கோஹாவிடம் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். அப்போது கோஹாவின் பெட்டியில் எழுத வேண்டியது ஒரே ஒரு முகவரி, அந்தச் சேர்வரின் முகவரி. ரேஞ்ச் கூடத் தேவையில்லை.

அவர் இதைத் திருத்த ஒரு கிழமை கேட்டால் கொடுங்கள். கோபிக்க வேண்டாம். நம் பக்கத்தில் நூலகத்துக்கென்று உட்கார்ந்து ஆப் எழுதுகிற ஆட்கள் எத்தனை பேர்?

மே 12, இரவு 10.50

தங்கச்சி இன்னொன்று கேட்டிருக்கிறார், அதை விரிவாகச் சொல்ல வேண்டும். நூலகத்துக்குள் அங்கத்தவரே புத்தகத்தைப் பதிந்து கொண்டுபோகும் செல்ஃப் செக் கணினி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் பக்கம் அந்தக் கணினியில் மட்டும் திறக்க வேண்டும் என்று 192.168.1.10/28 என எழுதினாராம். "பத்தில இருந்து இருபத்தஞ்சு வரைக்கும் பதினாறு முகவரி" என்பது அவருடைய கணக்கு. கணினியின் முகவரி 192.168.1.20. அது திறக்கவில்லை. ஆனால் 192.168.1.5 இல் இருக்கும் கணக்காளரின் கணினியில் திறந்ததாம்.

எண்ணிக்கை சரி, தொடக்கம் பிழை. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண், முகவரியின் 32 பிட்டில் எத்தனை பிட் அசையாமல் நிற்க வேண்டும் என்று சொல்கிறது. 28 நின்றால் அசைய மிச்சம் 4 பிட், அதாவது 16 முகவரிகள். ஆனால் அந்தப் பதினாறு நீங்கள் நினைத்த இடத்தில் தொடங்காது. 0, 16, 32, 48 என்று பதினாறின் மடங்கில்தான் தொடங்கும். வளவைப் பதினாறு பதினாறு வீடாகப் பிரித்து முதலே வேலி அடைத்தாயிற்று, நீங்கள் ஒரு வீட்டு இலக்கத்தைச் சொன்னால் அந்த வீடு நிற்கிற வேலிக்குள் உள்ள எல்லா வீடும் வரும். 10 என்ற வீடு 0 முதல் 15 வரையான வேலிக்குள் இருக்கிறது. ஆகவே கணக்காளர் உள்ளே, செல்ஃப் செக் வெளியே. 192.168.1.16/28 என்று எழுதினால் 16 முதல் 31 வரை. ஒரே ஒரு கணினிதான் என்றால் வேலியே வேண்டாம், 192.168.1.20 என்று எழுதி விடுங்கள். ரவுட்டரிலும் அந்தக் கணினிக்கு அந்த முகவரியையே நிரந்தரமாக ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் மின்வெட்டு முடிந்து வரும்போது 20 வேறு யாருடைய போனுக்கோ போய்விடும்.

இன்னொன்று. எங்களுடைய பதிப்பில் ஐஎல்எஸ்-டிஐ பெட்டியில் முகவரிகளுக்கு இடையே காற்புள்ளி போட வேண்டும், இடைவெளி விடக்கூடாது. செல்ஃப் செக் பெட்டியில் இடைவெளிதான் விட வேண்டும், காற்புள்ளி கூடாது. ஒரே மென்பொருளில் இப்படி இரண்டு வழக்கம். ஒவ்வொரு பெட்டிக்கும் அருகில் உள்ள சின்ன எழுத்தை வாசித்துவிட்டு எழுதுங்கள்.

மே 13, காலை 7.15

கணக்காளர் தன் கணினியில் செல்ஃப் செக் திறந்ததைப் பார்த்து இரண்டு நாவலைத் தன் பெயரில் பதிந்துகொண்டு போய்விட்டாராம். நல்லது. வாசிக்கட்டும்.

மே 20, இரவு 8.30

கிண்ணியாவில் இருந்து ஒரு நானா எழுதியிருக்கிறார். அவர் கிளை நூலகத்தைப் பார்ப்பவர். ஊழியர் உள்நுழையும் பக்கத்துக்கு அந்தக் கிளையின் இணைய முகவரியை மட்டும் அனுமதித்திருந்தார்கள். சனிக்கிழமை காலை மின்சாரம் போய் வந்தது, ரவுட்டர் திரும்ப எழும்பியபோது இணைய நிறுவனம் வேறு முகவரியைக் கொடுத்துவிட்டது. சொந்த நூலகத்துக்குள்ளேயே அவருக்கு அனுமதி இல்லை. "பிள்ளைகள் புத்தகத்தை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு வரிசையில நிக்குது தம்பி, நான் கொப்பியில எழுதி அனுப்பினேன்" என்று எழுதியிருக்கிறார். பிறகு ஒருவர் அறிவுரை சொல்லி, அந்த நிறுவனத்தின் முழு வலயத்தையும் /16 ஆகப் போட்டுத் திறந்துவிட்டாராம். இனிப் பிரச்சினை இல்லை என்று மகிழ்ச்சி.

நானா, /16 என்றால் 65,536 முகவரிகள். அந்த நிறுவனத்தின் இணைப்பை வைத்திருக்கும் எத்தனையோ ஆயிரம் வீடுகள் உங்கள் ஊழியர் பக்கத்தின் வாசலில் நிற்கலாம். பாஸ்வேட் இருக்கிறது, உண்மைதான். ஆனால் எல்லை போட்டிருக்கிறோம் என்ற நினைப்பில் பாஸ்வேட்டை எளிதாக வைத்திருப்பார்கள், நான் கண்டிருக்கிறேன். அதற்கு எல்லையே இல்லாமல், பாஸ்வேட்டை மட்டும் பலமாக வைத்திருப்பது மேல்.

இன்னும் ஒரு சிக்கல். பல இணைப்புகளில் உங்களுக்கென்று தனி முகவரியே கிடையாது. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பாருங்கள், வெளி முகவரி 100.64 க்கும் 100.127 க்கும் இடையில் இருந்தால், அது நிறுவனங்கள் உள்ளுக்குள் பகிர்ந்து பாவிப்பதற்காக 2012 இல் ஒதுக்கிய வலயம். வெளியே போகும்போது நீங்களும் உங்கள் தெருவும் பக்கத்து ஊரும் ஒரே முகவரியில் தெரிவீர்கள். ஆசியப் பசிபிக் பகுதிக்கு இருந்த பழைய வகை (ஐபி பதிப்பு 4) முகவரிகள் 2011 ஏப்ரலிலேயே அடிமட்டத்துக்கு வந்துவிட்டன. பிறகு வந்தவர்களுக்குப் பகிர்வுதான். அப்படிப்பட்ட முகவரியை அனுமதிப்பது ஒரு பஸ்ஸில் வந்த எல்லோருக்கும் ஒரே டிக்கெட்டில் வாசலைத் திறப்பது.

இரண்டு வழிதான். மாதம் கொஞ்சம் கூடக் கட்டி நிலையான முகவரி வாங்குவது ஒன்று. மற்றது வயர்கார்ட் என்ற மென்பொருளைப் போட்டு, கிளைக் கணினிக்கும் சேர்வருக்கும் இடையில் மூடிய பாதை ஒன்று அமைப்பது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னலில் 2020 முதல் அது உள்ளேயே இருக்கிறது. பழைய கணினியிலும் ஓடும். பாதைக்குள் கிளைக்கு 10.8.0.4 என்று ஒரு முகவரி கொடுத்தால், வெளியே நிறுவனம் எதை மாற்றினாலும் உள்ளே அது மாறாது. அதோடு அந்த முகவரிக்குப் பின்னால் ஒரு சாவி இருக்கிறது. சாவி இல்லாதவர் அந்த முகவரியில் வரமுடியாது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். வரும் ஞாயிறு நான் பாலத்தைத் தாண்டி வருகிறேன், இருவரும் உட்கார்ந்து செய்வோம்.

மே 27, இரவு 11.20

மூதூர்த் தம்பி நடுச் சேர்வரை எழுதி முடித்துவிட்டார். சொன்னதை விளங்கிக்கொண்டு ஒழுங்காகச் செய்திருக்கிறார். தங்கச்சி அந்தச் சேர்வரின் முகவரியை, உதாரணத்துக்கு 203.0.113.45 என்று வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் எழுதினார். வேலை செய்யவில்லை.

இங்கே கோஹா ஒரு உதவி செய்கிறது. மறுக்கும்போது, தான் எந்த முகவரியைக் கண்டதோ அதையே விடையில் எழுதி அனுப்பும். வந்த விடை, அனுமதி இல்லாத முகவரி 127.0.0.1 என்றது. தம்பி உடனே, "அப்ப 127.0.0.1 ஐயும் பெட்டியில போடுங்கோ அக்கா" என்றாராம். போட்டதும் ஓடிவிட்டது.

எடுத்துவிடுங்கள். இன்றைக்கே.

127.0.0.1 என்பது சேர்வர் தன்னைத்தானே அழைக்கும் முகவரி. அந்த நூலகத்தில் கோஹாவுக்கு முன்னால் ஒரு புரொக்ஸி நிற்கிறது. உலகத்தில் எங்கே இருந்து வந்தாலும் முதலில் அதனிடம்தான் வரவேண்டும், அது உள்ளே கொண்டுபோய்க் கோஹாவிடம் கொடுக்கும். கோஹாவின் கண்ணுக்கு எல்லோரும் பக்கத்து அறையில் இருந்து வந்தவர்கள். 127.0.0.1 ஐ அனுமதித்தால் பெட்டியை வெறுமையாக விட்டது போலத்தான், ஆனால் பார்ப்பவருக்குப் பூட்டு இருப்பது போலத் தெரியும். அது இன்னும் மோசம்.

புரொக்ஸி உண்மையான முகவரியைத் தனியே ஒரு தலைப்பில், எக்ஸ்-ஃபோர்வர்டட்-ஃபோர் என்ற வரியில், எழுதி அனுப்பும். கோஹாவின் கொன்ஃபிக் (அமைப்புகளை எழுதி வைக்கும்) கோப்பில் நம்பத்தக்க புரொக்ஸி எது என்று ஒரு வரி இருக்கிறது. அங்கே அந்தப் புரொக்ஸியின் முகவரியைச் சொன்னால், அது எழுதி அனுப்பும் முகவரியைக் கோஹா ஏற்கும். அங்கே தாராளமாக எல்லோரையும் நம்பச் சொன்னால் கதை முடிந்தது. அந்த வரியை அனுப்புபவர் எவரும் தானே எழுதலாம். தபாலுறையின் பின்பக்கத்தில் அனுப்புநர் முகவரி என்று எதையும் எழுதலாம் அல்லவா? தபாற்கந்தோர் குத்துகிற முத்திரையைத்தான் நம்ப வேண்டும். உங்கள் சொந்தப் புரொக்ஸி குத்துவது முத்திரை. மற்றதெல்லாம் உறையின் பின்பக்கம்.

மே 28, காலை 5.50

திருத்திவிட்டார். இப்போது போனில் இருந்து நேரே கேட்டால் மறுக்கிறது, மறுப்பில் என்னுடைய போனின் வெளி முகவரியே தெரிகிறது. 203.0.113.45 இல் இருந்து கேட்டால் விடை வருகிறது. இரண்டு பக்கமும் சோதித்தோம். திறக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், மூடுகிறதா என்றும் வெளியே நின்று பாருங்கள்.

யூன் 8, இரவு 9.00

ஒருவர் எழுதியிருக்கிறார்: "யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்று யார் தேடப் போகிறார்கள்? ஏன் இவ்வளவு பதற்றம்?"

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதைக் காட்டியே பதில் சொல்லலாம். ஆனால் எனக்குச் சட்டம் வருவதற்கு முதலே இந்தப் பதற்றம் இருந்தது. பிள்ளையின் வீட்டு இலக்கமும் தாயின் போனும் வெளியே போகலாமா என்ற கேள்விக்கே ஒரு சட்டம் தேவையில்லை. மற்றது, இந்த ஊரில் வளர்ந்தவர்கள் வீட்டில் எந்தப் புத்தகம் இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று தாய்மார் இறாக்கையைப் பார்த்துப் பார்த்துப் பிரித்த காலம் ஒன்று இருந்தது. என் அம்மா ஒரு பழைய அரிசி மூட்டைக்குள் புத்தகங்களைப் போட்டுத் தைத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். ஊசி பெரிய சாக்கு ஊசி, நூல் வலை பின்னுகிற நைலோன் நூல். ஒருவர் என்ன வாசிக்கிறார் என்பது அவருக்கும் நூலகருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

யூன் 9, இரவு 10.15

நேற்று எழுதியது மனதை விட்டுப் போகவில்லை, அதில் இருந்து இன்னொன்று கிளம்பிவிட்டது.

முகவரியைப் பார்த்து விடுவதா மறிப்பதா என்று முடிவெடுப்பது எனக்கு உள்ளூர ஒவ்வாத காரியம். தொண்ணூறுகளின் கடைசியில் மூதூரில் இருந்து லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலைக்குப் படிக்க வருவேன். இறங்குதுறையில் அடையாள அட்டையை வாங்கித் திருப்பிப் பார்ப்பார்கள். பின்பக்கத்தில் இருக்கும் முகவரி வரியில் கட்டைவிரல் நிற்கும். அந்த வரியைப் பொறுத்து நேரே போகலாம், இல்லாவிட்டால் ஒரு பக்கமாக நிற்க வேண்டும். நான் எப்படிப்பட்டவன், என்ன படிக்கப் போகிறேன் என்று அந்த வரியில் எழுதியிருக்கவில்லை. ஒருமுறை பரீட்சை நாளில் ஒரு மணித்தியாலம் நின்றேன். முகவரி நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லும். நான் யார் என்று சொல்லாது.

அதனால் எனக்கென்று ஒரு கோடு வைத்திருக்கிறேன். இயந்திரம் இயந்திரத்தோடு கதைக்கும் வாசலுக்கு முகவரி எல்லை கட்டாயம் போடுவேன். அங்கே வரவேண்டியது எந்த இயந்திரம் என்று எனக்குத் தெரியும், அது எங்கே நிற்கிறது என்றும் தெரியும். வாசகர் வரும் வாசலுக்குப் போடமாட்டேன். ஒரு நிறுவனத்தில் நூற்பட்டியலையே கட்டடத்துக்குள் மட்டும் தெரியும்படி ஆக்கச் சொன்னார்கள். பாதுகாப்பாம். கிண்ணியாவில் இருக்கும் பிள்ளை இரவு பட்டியலைத் திறந்து புத்தகம் இறாக்கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே காலையில் பஸ்ஸுக்குக் காசு எடுத்துக்கொண்டு வரவேண்டும்? 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை அந்தப் பிள்ளையின் தாய் ஃபெரியில் வந்து, புத்தகம் இல்லை என்று கேட்டுத் திரும்பிப் போயிருப்பார். நான் செய்து கொடுக்கவில்லை. கூட்டத்தில் காரணத்தைச் சொன்னேன். பிறகு அவர்களும் விட்டுவிட்டார்கள்.

யூன் 11, பகல் 12.40

"அப்படியானால் வெளிநாட்டுச் சஞ்சிகைகளை வளாகத்துக்குள் மட்டும் திறக்கிறார்களே, அது வாசகர் வாசல் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். வாசகர் வாசல்தான். வெளியீட்டாளர்கள் நிறுவனத்துக்கு விற்கும்போது ரேஞ்சைத்தான் கேட்பார்கள். வீட்டில் இருந்து வருபவருக்கு அது சுவர். அந்தச் சுவருக்காகவே 1999 இல் அமெரிக்காவில் ஒரு சமுதாயக் கல்லூரி நூலகத்தில் ஈஸிப்ரொக்ஸி எழுதப்பட்டது. வாசகர் பாஸ்வேட் கொடுத்து அதனுள் வருவார், வெளியீட்டாளருக்கு அவர் நூலகத்து முகவரியில் இருந்து வருவது போலத் தெரியும். நம் தம்பி செய்த நடுச் சேர்வரும் இதே குணம்தான். ஆளை அறிவது ஓரிடம், முகவரியைக் காட்டுவது இன்னோரிடம்.

யூன் 23, இரவு 9.45

கச்சான் காற்று அடித்து இரண்டு நாளாக வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன், பழைய கொன்ஃபிக்குகளைத் திறந்து பார்க்க நேரம் கிடைத்தது. ஒரு நூலகத்தில் கண்டது.

கோஹாவில் சில பதிவுகளைப் பொதுமக்களுக்கு மறைத்து, உள் வலையமைப்பில் உள்ளவர்களுக்கு மட்டும் காட்டலாம். அங்கே பொதுவில் திறக்கும் காலம் இன்னும் வராத ஆய்வேடுகளை அப்படி வைத்திருக்கிறார்கள். எல்லைப் பெட்டியில் 192.168.1 என்று இருந்தது. ஊழியர் கணினிகள் எல்லாம் 192.168.1 இல் தொடங்குபவை, சரி. ஆனால் வாசிப்பறை வைஃபையில் இருந்த ஒரு மாணவனின் போனிலும் மறைத்த பதிவு தெரிந்தது. வைஃபையின் முகவரிகள் 192.168.10 இல் தொடங்குபவை.

இந்தப் பெட்டி சாய்கோட்டுக் கணக்குப் பார்ப்பதில்லை. எழுதியதை எழுத்தாக வைத்து, வந்த முகவரி இந்த எழுத்துகளில் தொடங்குகிறதா என்று மட்டும் பார்க்கிறது. 192.168.10 உம் 192.168.1 என்ற எழுத்துகளில்தானே தொடங்குகிறது? 11 முதல் 19 வரையும், 100 முதல் 199 வரையும் அப்படித்தான். கடைசியில் ஒரு புள்ளி வைத்து 192.168.1. என்று எழுதினால் சரியாகிவிடும்.

யூன் 24, காலை 6.05

சரியாகவில்லை. எழுதி அனுப்பியபின் சோதித்தேன், வைஃபையில் இன்னமும் தெரிகிறது. அந்த இடத்தில் புள்ளிக்குப் பொருள் வேறு. கோஹா எழுதப்பட்ட பேர்ள் மொழியின் தேடல் வடிவத்தில் புள்ளி என்றால் "ஏதாவது ஒரு எழுத்து". ஆகவே 192.168.1 க்குப் பின்னால் வரும் 0 ஐயும் அந்தப் புள்ளி ஏற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டு 192\.168\.1\. என்று எழுதினால்தான் புள்ளி புள்ளியாக நிற்கும்.

இதை நாளைக்கு வருகிற நூலகர் பார்த்தால் எழுத்துப்பிழை என்று அழித்துவிடுவார். அதனால் வைஃபையையே 172.20.5 இல் தொடங்கும் வலயத்துக்கு மாற்றிவிட்டேன். இனி எப்படி எழுதினாலும் குழம்பாது. ரவுட்டரில் பத்து நிமிட வேலை. நேற்று நான் சொன்னபடி புள்ளி மட்டும் வைத்தவர்கள் தயவுசெய்து திரும்பப் பாருங்கள்.

யூலை 2, இரவு 8.10

செல்ஃப் செக் பெட்டிகளும் கதவடி மெஷின்களும் பாவிப்பவர்கள் சிப்2 பற்றி, அந்த மெஷின்கள் நூலக மென்பொருளோடு கதைக்கும் முறை பற்றி, கேட்டார்கள். சுருக்கமாக: அதை வெளியே திறக்கவே வேண்டாம். த்ரீஎம் நிறுவனம் தொண்ணூறுகளில் செய்த நெறிமுறை, அங்கத்தவர் எண்ணும் பாஸ்வேட்டும் அதில் மறைக்கப்படாமல் அப்படியே போகும். கோஹாவில் வழமையாக 6001 ஆம் போர்ட் (சேர்வரின் வாசல் இலக்கம்). அதற்கு மென்பொருளின் பெட்டியை நம்பாமல், சேர்வரின் ஃபயர்வோலிலேயே (எந்த இணைப்பை உள்ளே விடுவது என்று பார்க்கும் காவல்) அந்த மெஷினின் முகவரிக்கு மட்டும் வழி விடுங்கள். கிளை தூரத்தில் இருந்தால் வயர்கார்ட் பாதைக்குள்ளால் கொண்டுபோங்கள்.

ஃபயர்வோல் எழுதும்போது முகவரிகளின் புதிய வகையான ஐபி பதிப்பு 6 ஐயும் சேர்த்து எழுதுங்கள். பதிப்பு 4 க்கு மட்டும் பூட்டிவிட்டு, 6 இல் அதே போர்ட் திறந்து கிடந்ததை ஒரு சேர்வரில் கண்டேன். புதிய இணைப்பு வந்த நாளில் இருந்து அப்படி இருந்திருக்கிறது.

யூலை 19, இரவு 11.55

இரண்டு நாளாக ஒரு நூலகத்தின் பட்டியல் திணறியது. லொக்கை, அதாவது எந்த முகவரி எதைக் கேட்டது என்ற பதிவேட்டை, பார்த்தால் இரவு பகலாக இயந்திரங்கள் ஒவ்வொரு தேடலையும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலையும் பிய்த்துப் பிய்த்து எடுக்கின்றன. இந்த வருடம் உலகம் முழுவதும் நூலகங்கள் இதே முறைப்பாட்டைச் சொல்கின்றன, செயற்கை நுண்ணறிவுக்கு எழுத்துச் சேர்க்கும் இயந்திரங்கள். நான் அவசரத்தில், வந்த முகவரிகளைப் பார்த்து நாலைந்து பெரிய வலயங்களை மொத்தமாக மறித்தேன். பட்டியல் உயிர்த்தது.

இன்று கனடாவில் இருந்து ஒரு அம்மா மின்னஞ்சல் போட்டிருக்கிறார். உவர்மலையில் பிறந்தவர். தன் தகப்பனார் எழுதிய கட்டுரை வந்த பழைய மலர் ஒன்று நம்மிடம் இருக்கிறதா என்று கிழமைக்கு ஒருமுறை பட்டியலைப் பார்ப்பாராம், இப்போது "அனுமதி இல்லை" என்று வருகிறதாம். "நான் ஏதாவது பிழை செய்துவிட்டேனா?" என்று கேட்டிருக்கிறார்.

யூன் 9 இல் நான் எழுதியதை நானே திறந்து வாசித்தேன். வாசகர் வாசலுக்கு முகவரி எல்லை போடமாட்டேன் என்று எழுதி ஆறு கிழமை ஆகவில்லை. மறித்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். பதிலாக, ஒரு முகவரி ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை கேட்கலாம் என்று புரொக்ஸியில் அளவு வைத்திருக்கிறேன், ஆழமான வரிசைப்படுத்தல் இணைப்புகளையும் உள்நுழைந்தவர்களுக்கு மட்டும் ஆக்கியிருக்கிறேன். கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கிறது, ஆனால் திறந்திருக்கிறது. அம்மாவுக்கு எழுதினேன். அந்த மலரில் ஒரு பிரதி இருக்கிறது, அட்டை இல்லை, கட்டுரை முழுதாக இருக்கிறது. பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஓகஸ்ட் 3, இரவு 9.20

மூதூர்த் தங்கச்சி கேட்டது: நேற்று விடிய 2.17 க்கு ஐஎல்எஸ்-டிஐ வாசலில் புதிய முகவரி ஒன்று பதினொரு தடவை தட்டியிருக்கிறது, பதினொரு தடவையும் மறுப்பு. இன்று காலை ஆப்பும் வேலை செய்யவில்லை. "தம்பிதான் சேர்வரை மாத்திப்போட்டார் போல, அந்தப் புது முகவரியைப் பெட்டியில போடட்டுமா?"

போட முதல் அவருக்குப் போன் பண்ணுங்கள். புதிய முகவரி என்ன என்று நீங்கள் சொல்லாமல், அவர் வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். லொக்கில் உள்ளதோடு ஒத்துப்போனால் போடுங்கள். பழையதை அதே கையோடு அழியுங்கள், அவர் விட்டுப் போன சேர்வரை அடுத்த மாதம் வேறு யாராவது வாடகைக்கு எடுப்பார்கள், அந்த முகவரி அவர்களோடு போகும். எழுதுகிற ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் யாருடையது, எந்தத் திகதி என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

இதை எழுதும்போது எனக்கும் ஒன்று நினைவு வந்தது. உப்புவெளிப் பக்கம் நான் பார்க்கும் நூலகத்தின் பட்டியலில் மூன்றாவது வரியில் ஒரு முகவரி இரண்டு வருடமாகக் கிடக்கிறது. யாருடையது என்று எங்கும் எழுதியில்லை. நாளைக்குக் காலை போய் லொக்கைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.